சர்வருக்கு ஒரு வரன்

ஜூலை 22, திங்கள்

சர்வர் இன்று மறுபடியும் நின்றுபோனது. ஆடி மாதம் என்பதால் யாரும் பதறவில்லை. ஆடியில் கல்யாணம் பேச யாரும் வருவதில்லை. பந்தக்கால் திருமணத் தகவல் மையத்தில் இந்த ஒரு மாதம் எங்களுக்கும் ஓய்வு, சர்வருக்கும் ஓய்வு. தை மாதத்தில் இப்படி நின்றிருந்தால் திருச்சி தில்லைநகர் முழுக்கப் பெற்றோர்கள் நின்று என்னைச் சபித்திருப்பார்கள்.

சர்வர் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். ஜெராக்ஸ் மெஷினுக்குப் பின்னால், தண்ணீர் கேன்களுக்குப் பக்கத்தில் நிற்கும் ஒரு கறுப்புப் பெட்டி அது. ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் அதற்குச் சந்தனம் பூசியிருக்கிறார்கள். காற்றுப் போக வேண்டிய துளைகளில் பாதி சந்தனத்தால் அடைபட்டிருக்கின்றன. பக்தியால் மூச்சு முட்டிச் சாகும் முதல் இயந்திரம் இதுவாகத்தான் இருக்கும்.

முதலாளி கலியபெருமாள் ஐயா ஐ.சி.யு. வாசலில் நிற்பவர்போல வந்து நின்றார்.

"தேறுமா, மாதங்கி?"

"தேறாதுங்கய்யா. வாங்கி ரொம்ப வருஷமாச்சு."

"மருமவன் சொல்றாப்ல, எல்லாரும் கிளவுடுக்குப் போயிட்டாங்களாம். நம்ம பெட்டியே வேணாமாம். எங்கயோ அவங்க வச்சிருக்குற கம்ப்யூட்டர்ல நம்ம விவரத்தை வச்சுக்கிட்டு மாசா மாசம் வாடகை வாங்கிக்குவாங்களாம். நிசந்தானா?"

"நிசந்தாங்கய்யா."

"அப்ப நீயே பாரு. தைக்குள்ள முடிச்சிரணும். நாப்பதாயிரம் குடும்பத்து ஜாதகம், போட்டோ. அது போச்சுன்னா மையம் போச்சு. பொறுப்பு உன்னுது." போனவர் திரும்பி வந்தார். "ஒண்ணு. முறைப்படி பாக்கணும்."

முறைப்படி என்றால் என்ன என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

ஜூலை 25, வியாழன்

முறைப்படி என்றால் இதுதான்: மூன்று நிறுவனங்கள், மூன்று மஞ்சள் ஃபைல்கள், ஒவ்வொன்றின் முனையிலும் குங்குமம். ஒவ்வொருவரையும் பற்றி வெளியில் விசாரிக்க வேண்டும். நேரில் வரவழைத்துப் பார்க்க வேண்டும். பிறகு பொருத்தம். பிறகு நிச்சயம்.

விசாரணைக்கு ரெஜினா அக்காவை ஐயா நியமித்திருக்கிறார். விசாரணைப் பிரிவின் தலைவி. மறுமணப் பிரிவும் அவரிடம்தான். மாப்பிள்ளை வீட்டுத் தெருவில் இஸ்திரி போடுபவரிடம் இரண்டு நிமிடம் பேசி, மாப்பிள்ளை குடிப்பாரா, என்ன குடிப்பார், யாரோடு குடிப்பார் என்று சொல்லிவிடுவார். கிளவுட் என்றால் என்ன என்று அவருக்கு அரை மணி நேரம் விளக்கினேன்.

"புரிஞ்சுது," என்றார். "பொண்ணைக் கட்டிக் குடுக்கறோம். அவ்வளவுதானே?"

மூன்று வருடம் நான் படித்த படிப்பு.

ஆகஸ்ட் 2, வெள்ளி

லீவு. சொந்த வேலை. வரவேண்டியவர் வரவில்லை. தள்ளிவைப்பு.

ஆகஸ்ட் 5, திங்கள்

ரெஜினா அக்கா, மும்பை நிறுவனத்தின் வாடிக்கையாளரான ஈரோட்டு ஜவுளிக்கடைக்குப் போன் செய்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து குறிப்பெடுத்தேன். என்னிடம் நாற்பது கேள்விகள் இருந்தன. சேமிப்பு வேகம், குறியாக்கம், தரச் சான்றிதழ். ஒன்றைக்கூட அவர் கேட்கவில்லை.

"உங்க வீட்டுப் பொண்ணு மாதிரி நெனச்சுச் சொல்லுங்கண்ணே. அகாலத்துல போன் பண்ணா எடுப்பாங்களா? எடுத்தா மனுசன் பேசுவானா, மெஷினு பேசுமா? சொன்ன வாடகைக்கு மேல கறப்பாங்களா? தப்பு அவங்க பேர்ல இருந்தா ஒத்துக்குவாங்களா, நம்ம மேல திருப்புவாங்களா?"

போனை வைத்ததும் என் நாற்பது கேள்விகளைப் பார்த்தார். "நல்லாருக்கு. டைப் அடிச்சு ஃபைல்ல போட்டுரு."

போட்டுவிட்டேன். அது ஃபைலில் இருக்கிறது. குங்குமத்தோடு.

ஆகஸ்ட் 8, வியாழன்

முதல் வரன்: உலகமே பயன்படுத்தும் வெளிநாட்டு நிறுவனம். நேரில் வரச் சொல்லி எழுதினேன். வரவேற்று ஒரு மின்னஞ்சல் வந்தது. அதை அனுப்பியவருக்குப் பதில் எழுத முடியாது என்று அதிலேயே எழுதியிருந்தது.

"அவங்க வீட்டுப் பெரியவங்க யாரு?" என்றார் ஐயா.

"யாரும் வரமாட்டாங்கய்யா. கம்ப்யூட்டர்ல கார்டு நம்பரைப் போட்டா இன்னிக்கே ஆரம்பிச்சிரலாம்."

"தாலியைக் கூரியர்ல அனுப்பற மாதிரியா?"

ஃபைல் மூடப்பட்டது. உலகத்தில் பாதி எந்த நிறுவனத்தின் தோளில் சாய்ந்து நிற்கிறதோ, அது தில்லைநகரில் ஒரு டீ குடிக்க வராததால் தோற்றது.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

இரண்டாம் வரன்: மும்பை. வந்தவர் விஸ்வேஸ்வரன். அங்கே தமிழர்கள் நிறைந்த மாதுங்காவில் வளர்ந்தவர். எங்களுக்கு மரியாதை செய்வதற்காகத் தன் படவிளக்கம் முழுவதையும் தமிழில் மொழிபெயர்த்துக் கொண்டுவந்திருந்தார். பாவம், நல்ல மனிதர். திரையில் முதல் பக்கம் விழுந்தது: "பேரிடர் நேர்ந்தால் உங்கள் நிலை என்ன?"

அறையில் இருந்த பெண்கள் ஒருசேர மூச்சை இழுத்தார்கள்.

"தம்பி," என்றார் ஐயா, "சுப காரியம் பேச வந்த எடத்துல முத வார்த்தையே இதுவா?"

"சார், பேரிடர் மீட்புதான் எங்க பலமே. ஒரு ஊர்ல வெள்ளம் வந்தாலும் இன்னொரு ஊர்ல உங்க பிரதி பத்திரமா..."

"வெள்ளம் வேறயா?"

இரண்டாம் பக்கத்தில் தீ, மூன்றாம் பக்கத்தில் நிலநடுக்கம். நான்காம் பக்கத்தில், "நீங்கள் எங்களைவிட்டுப் பிரிய விரும்பினால்" என்று தலைப்பு. அதற்குக் கீழே எந்த வடிவில் எல்லாவற்றையும் திருப்பித் தருவார்கள் என்று தெளிவாக எழுதியிருந்தது. அதை நான் மட்டும்தான் படித்தேன். மற்றவர்கள் அதற்குள் காபிக்குப் போயிருந்தார்கள்.

விஸ்வேஸ்வரன் என்னிடம் மெல்லக் கேட்டார். "ஏதாவது தப்பாச் சொல்லிட்டேனா மேடம்?"

"எல்லாத்தையும் சரியாச் சொல்லிட்டீங்க சார். அதான்."

ஆகஸ்ட் 20, செவ்வாய்

ஆவணி பிறந்தாயிற்று. மூன்றாம் வரன்: சென்னை கொண்டல் டேட்டா நிறுவனம்.

ஐந்து பேர் வந்தார்கள். பட்டு வேட்டியில் மேலாளர் புவனேந்திரன். பின்னால் ஆளுக்கொரு தட்டு: ஆப்பிள், ஆரஞ்சு, சாமந்தி, ஒரு கிலோ மைசூர்பாகு. ஐயாவைக் கண்டதும் புவனேந்திரன் காலில் விழுந்தார். ஐயாவின் முகத்தில் அப்போது வந்த வெளிச்சத்தைப் பார்த்ததும் இனி நான் எந்தக் கேள்வி கேட்டாலும் அது சபை நாகரிகம் தெரியாதவளின் கேள்வியாகிவிடும் என்று புரிந்தது. இருந்தாலும் கேட்டேன்.

"நாளைக்கு நாங்க வேற எடத்துக்கு மாறணும்னா எங்க விவரத்தை எப்படித் திருப்பித் தருவீங்க?"

புவனேந்திரன் அழகாகச் சிரித்தார். "என்னங்க மேடம், பொண்ணு இன்னும் வலது காலை எடுத்து உள்ள வைக்கல. அதுக்குள்ள வாசல் எங்கன்னு கேக்கறீங்க?"

கூடம் முழுக்கச் சிரித்தது. இதே சிரிப்பை, கிட்டத்தட்ட இதே வாக்கியத்துக்கு, வேறொரு கூடத்தில் கேட்டிருக்கிறேன். அன்றைக்கும் எல்லோரோடும் சேர்ந்து சிரித்துவைத்தேன். பழக்கம் விடவில்லை.

மைசூர்பாகு நன்றாக இருந்தது என்பதையும் எழுதிவைக்கிறேன். நேர்மை முக்கியம்.

ஆகஸ்ட் 21, புதன்

பொருத்தம் பார்த்தோம். பத்துப் பொருத்தம் போடச் சொன்னார், போட்டேன். தினப் பொருத்தத்துக்கு நேராக, வருடத்தில் எவ்வளவு நேரம் படுத்துக்கொள்ளும் என்பது. மகேந்திரத்துக்கு நேராக, வரன்கள் பெருகினால் தாங்குமா என்பது. ரஜ்ஜுவுக்கு நேராக, வேண்டாமென்று முடிவெடுத்தால் நம் பொருளோடு உயிரோடு வெளியே வர முடியுமா என்பது. ரஜ்ஜு தட்டினால் மற்ற ஒன்பதும் பொருந்தினாலும் கல்யாணம் இல்லை என்பது இந்த மையம் தொடங்கிய நாளிலிருந்து சட்டம். எத்தனை காதல்களை அந்த ஒரு கட்டத்தைக் காட்டிக் கலைத்திருக்கிறார்கள் என்பதற்குக் கணக்கே கிடையாது.

மும்பைக்கு எட்டு. வெளிநாட்டுக்கு ஏழு. கொண்டலுக்கு நாலு, ரஜ்ஜு இல்லை.

ஐயா தாளை நீண்ட நேரம் பார்த்தார். "கம்ப்யூட்டருக்கு ஏதும்மா ரஜ்ஜு?" என்றார். பிறகு பேனாவை எடுத்துப் பதினொன்றாவதாக ஒரு வரி எழுதினார்: மனப் பொருத்தம். கொண்டலுக்கு நேராக ஒரு பெரிய டிக்.

"மனசு ஒத்துப்போச்சுன்னா மத்தது பாக்க வேணாம்."

இதையே ஒரு பி.ஈ. படித்த பெண் தன் காதலனைப் பற்றிச் சொன்னபோது, இரண்டு மாதம் முன்பு, இதே மேசையில், அவள் அம்மாவைத் தனியாக அழைத்துப்போய் எச்சரித்தவர் இவர்.

ஆகஸ்ட் 28, புதன்

ஒப்பந்தம். கொண்டல் தரப்பின் பொது விதிகள் முப்பத்தொரு பக்கம். அதோடு நம் தரப்பு நிபந்தனைகளையும் சேர்க்கலாம் என்றார்கள். பதினாலு பத்தி எழுதிக்கொண்டு போனேன். பதிமூன்றை ஐயா படிக்காமலே ஒப்புக்கொண்டார். பதினாலாவது விலகல் பற்றியது. எப்போது வேண்டுமானாலும் நாம் விலகலாம், விலகினால் எந்த முகம் எந்த ஜாதகத்துக்கு உரியது என்ற இணைப்போடு எல்லாவற்றையும் திருப்பித் தர வேண்டும்.

குறுக்கே ஒரு கோடு போட்டார்.

"ஐயா, இது இல்லாம கையெழுத்துப் போடாதீங்க."

"பத்திரிக அடிக்கறப்பவே பிரிஞ்சு போறதை அடிப்பாங்களா? அந்தப் பேச்சே ஆகாது."

"நாளைக்கு ஏதாவது ஒண்ணு ஆனா..."

"ஏன் ஆவணும்? நல்லதே நெனையேன். பொம்பளப் புள்ள நீ, இப்படிக் கோணலாவே யோசிச்சா எப்படி? அனுசரிச்சுப் போனா எல்லாம் சரியா வரும்."

சரிங்கய்யா என்று சொல்லிவிட்டு வந்து மாடிப்படியில் உட்கார்ந்தேன். ரெஜினா அக்கா டீயோடு வந்தார்.

"என்னடி இவ்வளவு கோவம்?"

"கோவம் இல்லக்கா. தொழில்நுட்பக் காரணம்."

"தொழில்நுட்பத்துக்குக் கண்ணு கலங்குமா?"

"தூசி."

"சரி," என்றார்.  மறுமணப் பிரிவில் இருப்பவரிடம் டீ வாங்கிக் குடிக்கும்போது ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

இந்த விஷயத்தில் எனக்குத் தனிப்பட்ட கருத்து எதுவும் கிடையாது என்று விளக்கி இங்கே மூன்று பக்கம் எழுதினேன். கிழித்துவிட்டேன்.

ஆகஸ்ட் 30, வெள்ளி

நல்ல நேரம் பார்த்துக் கையெழுத்தானது. தட்டு மாற்றினோம். கிளவுட் ஒப்பந்தத்துக்குத் தட்டு மாற்றிய ஊர் வேறு எதுவும் இருக்காது. ரெஜினா அக்கா ஜெபமாலையை விரலில் சுற்றிக்கொண்டு குத்துவிளக்கேற்றினார்.

செப்டம்பர் 15, ஞாயிறு

அம்மா போன் செய்தாள். ஞாயிறு என்றால் இட்லி மாவு, அப்பாவின் சர்க்கரை, கடைசியில் அது.

"இன்னொரு தடவ யோசிச்சுப் பாரேன்டி. அத்தனை பேர் முன்னாடி தட்டு மாத்துனது."

"தட்டை எடுத்துக்கிட்டுப் போனது நீங்க ரெண்டு பேரும். அந்த வீட்டுக்குள்ள இருந்தது நான்."

"அவர் நல்லவர்னு யாரக் கேட்டாலும் சொல்றாங்க."

"கேட்டவங்க யாரும் அங்க குடியிருக்கலம்மா."

அம்மா மாவு புளித்ததைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள். ஹாஸ்டலில் இன்று தண்ணீர் வரவில்லை. துணி ஊறவைத்தது ஊறிக்கொண்டே இருக்கிறது.

அக்டோபர் 7, திங்கள்

புரட்டாசியில் வேலை குறைவு; இருபது நாளில் எல்லாவற்றையும் ஏற்றி முடித்தேன். உள்ளே போக ஒரு தடையும் இல்லை, கட்டணமும் இல்லை. அவ்வளவு அன்பாக வரவேற்கிறார்கள். பழைய பெட்டியைக் காயலான் கடைக்காரர் எடுத்துப்போனார். சந்தனத்தோடு.

நவம்பர் 11, திங்கள்

எல்லாம் வேகமாக ஓடுகிறது. ஐயா வருபவர்களிடமெல்லாம் "நம்ம விவரம் இப்ப மேல இருக்கு" என்று விட்டத்தைக் காட்டுகிறார். எனக்குத்தான் பெருமை என்றும் சொல்கிறார். பரிசாக ஒரு ஜாதகம் தந்தார். துபாயில் இன்ஜினியர், ஒரே பிள்ளை.

"உனக்குப் பத்துக்கு ஒம்பது பொருந்துது. வயசு ஏறிக்கிட்டே போவுதுல்ல?"

நன்றி சொல்லி வாங்கி, இழுப்பறையில் மற்ற ஏழோடு வைத்தேன். வேலைக்குச் சேரும்போது கல்யாணம் ஆயிற்றா என்று இவர் கேட்கவில்லை. கழுத்தைப் பார்த்துவிட்டுத் தானே எழுதிக்கொண்டார். நானும் திருத்தவில்லை. திருத்தினால் ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்கு மாற்றப்படுவேன். வேலையில் அல்ல, வாடிக்கையாளர் பட்டியலில்.

நவம்பர் 15, வெள்ளி

லீவு. சொந்த வேலை. மறுபடியும் வரவில்லை. வக்கீல் மட்டும் வந்து வயிற்றுவலி என்றார். வயிறு யாருடையது என்று நீதிபதி கேட்கவில்லை.

டிசம்பர் 2, திங்கள்

கொண்டலிடமிருந்து மின்னஞ்சல். வணிக மறுசீரமைப்பு காரணமாகச் சிறிய வாடிக்கையாளர்களுக்கான சேவையை நிறுத்துகிறார்கள். எங்களோடான உறவு ஜனவரி பத்தாம் தேதியோடு இனிதே நிறைவுறுகிறது. இனிதே என்றுதான் எழுதியிருந்தது.

முப்பத்தொரு பக்கத்தைத் தேடினேன். இருபத்தாறாம் பக்கத்தில், நானும் அன்று தவறவிட்ட, எறும்பு ஊர்ந்ததுபோன்ற எழுத்தில் இருந்தது: அவர்கள் எப்போது வேண்டுமானாலும் காரணம் சொல்லாமல் விலகலாம். பிரிவைப் பற்றிப் பேசவே கூடாது என்று நாங்கள்தான் முடிவெடுத்திருந்தோம். அவர்கள் முன்கூட்டியே பேசி, அச்சடித்து, பட்டு வேட்டி கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள்.

ஐயாவிடம் படித்துக் காட்டினேன். "புவனேந்திரன் தம்பிக்குத் தெரியாம நடந்திருக்கும்," என்றார். போன் போட்டார். மெஷின் பேசியது.

டிசம்பர் 4, புதன்

மாதிரிக்குக் கொஞ்சம் திருப்பி அனுப்பினார்கள். ஜாதகங்கள் ஒரு மூட்டை, புகைப்படங்கள் ஒரு மூட்டை. எது யாருடையது என்ற இணைப்பு இல்லை; அதை எங்கள் பக்கத்திலிருந்து மொத்தமாக எடுக்க வழியும் இல்லை. அதைச் செய்துதர ஒப்பந்தத்தில் இடமில்லை என்று எழுதியிருந்தார்கள். உண்மைதான். இடம் இருந்தது, கோடு போட்டோம்.

நாற்பதாயிரம் முகங்கள், நாற்பதாயிரம் கட்டங்கள். தை பிறந்தால் கூட்டம் வரும். வருபவர்களிடம் முகத்தைத் தனியாகவும் விதியைத் தனியாகவும் கொடுத்து, நீங்களே சேர்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லலாம். மற்ற இடங்களில் அப்படித்தானே நடக்கிறது என்று ரெஜினா அக்காவிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. அவர் மகன் இரண்டாம் வருடம் நர்ஸிங் படிக்கிறான், இந்தச் சம்பளத்தில்.

டிசம்பர் 9, திங்கள்

ஐயா மூன்று நாளாகத் தன் அறையைவிட்டு வரவில்லை. மையத்தின் வக்கீல் ஒப்பந்தத்தைப் பார்த்துவிட்டு, நோட்டீஸ் விடலாம், ஆனால் தைக்குள் எதுவும் நடக்காது என்றார். எந்தத் தை என்று நான் கேட்கவில்லை. வழக்குகளின் வேகம் எனக்குத் தெரியும்.

மாலையில் ரெஜினா அக்கா ஐயாவின் கதவைத் தட்டாமலே திறந்தார். நானும் பின்னால் போனேன்.

"நிச்சயம் முறிஞ்சா பொண்ணு போட்டோவையும் ஜாதகத்தையும் எப்படிங்கய்யா திருப்பி வாங்குவோம்?"

"அதுக்கு நீதானே போவ."

"எப்படிப் போவேன்? சண்டைக்கா போவேன்?"

ஐயா நிமிர்ந்தார். "பழத்தட்டோட போவ. வாங்கன்னு சொல்லாட்டியும் உள்ள போய் உக்காருவ. குடுக்கற வரைக்கும் எழுந்திரிக்க மாட்ட."

"அப்ப கெளம்புங்க."

டிசம்பர் 18, புதன்

சென்னை. பெருங்குடியில் கண்ணாடிக் கட்டடம், ஐந்தாவது மாடி. ஐயா, ரெஜினா அக்கா, நான், மூன்று பழத்தட்டுகள். வரவேற்பறைப் பெண் யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டாள்.

"புவனேந்திரன் தம்பியை."

"அவர் மீட்டிங்ல இருக்கார்."

"இருக்கட்டும் கண்ணு. நாங்க இப்படி ஓரமா இருக்கோம்."

சோபாவில் உட்கார்ந்தோம். தட்டுகளைக் கண்ணாடி மேசையில் வைத்தோம். காலை போய் மதியம் வந்தது. புவனேந்திரன் ஒரு முறை எங்களைத் தாண்டிப் போனார். இப்போது ஜீன்ஸ், கழுத்தில் அடையாள அட்டை. ஐயா எழுந்து கை கூப்பினார். அவர் காதில் இல்லாத போனில் பேசிக்கொண்டே கதவுக்குள் மறைந்தார். கூப்பிய கையை எப்போது இறக்குவது என்று ஐயாவுக்குத் தெரியவில்லை.

"தண்ணி கூடக் குடுக்கல பாத்தியா," என்றார் என்னிடம்.

அதற்குள் ரெஜினா அக்கா வேலையைத் தொடங்கியிருந்தார். அடையாள அட்டையோடு யார் கடந்துபோனாலும் ஓர் ஆரஞ்சை நீட்டுவார்.

"எந்த ஊரு தம்பி? தேவகோட்டையா? கல்யாணம் ஆச்சா? ஏன் ஆகல?"

கம்ப்யூட்டர் கம்பெனியில் ஒருவரிடம் "ஏன் ஆகல" என்று அன்பாகக் கேட்டால் என்ன ஆகும் என்று நான் அறிந்திருக்கவில்லை. முதலில் ஒருவன் உட்கார்ந்தான். சாப்பிட்டுவிட்டு வரும் வழியில் இருவர். ஒரு பெண் தன் தங்கையைப் பற்றிச் சொன்னாள். மூன்று மணி வாக்கில் வரவேற்பறைப் பெண்ணே எழுந்து வந்து தன் நட்சத்திரத்தைச் சொன்னாள். தண்ணீரும் வந்தது.

கடைசியாகச் சிவஞானம் வந்தார். முப்பத்தாறு வயது, முன்வழுக்கை. எங்கள் விவரங்கள் இருக்கும் பிரிவுக்கு அவர்தான் பொறுப்பு என்பது பேச்சில் தெரிந்தது. அவருடைய அம்மா ஆறு வருடமாகப் பெண் தேடுகிறாராம்.

"எங்க பதிஞ்சிருக்கீங்க தம்பி?"

"பதியாத எடம் இல்லக்கா. திருச்சியில ஏதோ பந்தக்கால்னு..."

ரெஜினா அக்கா பெருமூச்சு விட்டார். "அது நாங்கதான். உங்க போட்டோ இருக்கு, ஜாதகம் இருக்கு. ஆனா எது உங்க ஜாதகம்னு இப்ப யாருக்கும் தெரியாது. உங்க கம்பெனிதான் பிரிச்சுப் போட்டுருச்சு. தைக்குள்ள சேரலைன்னா, உங்க முகத்துக்கு யாரு கட்டத்தை ஒட்டறதுன்னு கர்த்தர்தான் சொல்லணும்."

சிவஞானம் ஓர் ஆரஞ்சுச் சுளையைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தார்.

மாலை ஐந்துக்குப் புவனேந்திரன் வெளியே வந்து, அலுவலக நேரம் முடிந்தது, கிளம்ப வேண்டும் என்றார். எங்களைச் சுற்றி ஒன்பது ஊழியர்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவரும் எழவில்லை.

"இணைப்பு அட்டவணை நம்மகிட்ட இருக்கு சார்," என்றார் சிவஞானம். "எடுத்துக் குடுக்க ஒரு மணி நேரம். ஒப்பந்தத்துல குடுக்கணும்னு இல்ல. குடுக்கக் கூடாதுன்னும் இல்ல."

புவனேந்திரன் தட்டுகளைப் பார்த்தார். ஐயாவைப் பார்க்கவில்லை. "என்னமோ பண்ணித் தொலைங்க," என்றார்.

ஹார்டு டிஸ்க்கைக் கையில் வாங்கிக்கொண்டு, நாற்பதாயிரத்தில் இருபதை அங்கேயே திறந்து சரிபார்த்தேன். முகமும் கட்டமும் பொருந்தின. டிஸ்க்கைத் துப்பட்டாவில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டேன். ஏ.சி. அதிகம்.

ரயில் திண்டிவனத்தைத் தாண்டியது. ஐயா சொன்னார்: "முப்பது வருசமா எத்தனையோ பொண்ணு வீட்டுக்காரங்களை அனுசரிச்சுப் போங்கன்னு சொல்லி அனுப்பியிருக்கேன், மாதங்கி. இப்படி உக்காந்திருப்பாங்கன்னு தெரியாது."

நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். ரெஜினா அக்கா மீதி ஆரஞ்சை உரித்து எனக்கும் கொடுத்தார்.

ஜனவரி 17, வெள்ளி

மும்பை விஸ்வேஸ்வரனையே கூப்பிடச் சொன்னார் ஐயா. வந்தார். இம்முறை படவிளக்கத்தின் முதல் பக்கத்தில் பிள்ளையார். பேரிடர் ஐந்தாம் பக்கத்துக்குப் போயிருந்தது. தேறிவிட்டார்.

விலகல் பத்தியை ஐயா தானே கேட்டார். ஆனால் ஒரு சிக்கல்.

"வேணும். கட்டாயம் வேணும். ஆனா சேர்ற ஒப்பந்தத்துக்குள்ள பிரியற பேச்சு வரக்கூடாது. அது தனிக் காயிதம். அதுக்குத் தனி நேரம்."

"என்ன நேரம் சார்?" என்றார் விஸ்வேஸ்வரன்.

"ராகு காலம்."

தங்கள் சட்டப் பிரிவைக் கேட்டுச் சொல்வதாக அவர் வராந்தாவுக்குப் போனார். கண்ணாடி வழியாகப் பார்த்தேன். ராகு காலம் என்பதை மும்பைக்கு ஆங்கிலத்தில் விளக்கிக்கொண்டிருந்தார். நெடுநேரம் ஆயிற்று.

ஜனவரி 20, திங்கள்

காலை எட்டு மணிக்குப் பிரிவதற்குக் கையெழுத்திட்டார்கள். பத்து மணிக்குச் சேர்வதற்கு. தொழில்நுட்ப ரீதியாக இதில் எந்தக் குறையும் காண முடியவில்லை. நான் பார்த்த ஒப்பந்தங்களிலேயே இதுதான் யோக்கியமானது.

ஜனவரி 23, வியாழன்

கூட்டம் அலைமோதுகிறது. மாலையில் ஐயா தனியாக இருந்தபோது போனேன்.

"நாளைக்கு லீவு வேணுங்கய்யா."

"தை வெள்ளிக்கிழமையில லீவா? என்ன, சொந்த வேலையா?"

"கோர்ட்டுங்கய்யா. குடும்ப நல கோர்ட். விவாகரத்து. ரெண்டு பேரும் வந்து நீதிபதி முன்னாடி சம்மதம் சொல்லிட்டா முடிஞ்சிரும்."

மேசைமேல் ஒரு ஜாதகம் இருந்தது. எனக்காக எடுத்துவைத்தது போலிருக்கிறது; மஞ்சள் தடவியிருந்தார். அதைத் திருப்பிப் போட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அந்தப் பதினாலாவது பத்தியைப் பற்றி ஏதோ சொல்ல வருகிறார் என்று நினைத்தேன். 

"அவன் வருவானா?"

"ரெண்டு தடவ வரலைங்க."

"எத்தனை மணிக்குக் கூப்புடுவாங்க?"

"பதினொண்ணுக்கு மேல."

தினசரிக் காலண்டரின் தாளைத் தூக்கி நாளைய தேதியைப் பார்த்தார். "பத்தரைலேருந்து பன்னெண்டு ராகு காலம். நல்லது. சரியான நேரம்." பிறகு கதவுப் பக்கம் குரல் கொடுத்தார். "ரெஜினா. நாளைக்கு நீ மாதங்கியோட போ. அவன் வரலைன்னா நேரா அவன் வீட்டுக்குப் போய் உக்காரு. தட்டுக்குப் பணம் கேஷியர்கிட்ட வாங்கிக்க."

ரெஜினா அக்கா வந்து என்னையும் ஐயாவையும் மாறி மாறிப் பார்த்தார்.  "ஆப்பிளா, ஆரஞ்சாங்கய்யா?" என்றார்.

ஜனவரி 24, வெள்ளி

வந்திருந்தார். முடிந்தது.

பழத்தட்டு தேவைப்படவில்லை. கோர்ட் வாசல் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து நானும் ரெஜினா அக்காவும் ஆளுக்கு மூன்று ஆரஞ்சு தின்றோம். மீதியை அக்கா என் முன்னாள் கணவரின் வக்கீலுக்குக் கொடுத்து, கல்யாணம் ஆகிவிட்டதா என்று விசாரித்தார். ஆகவில்லையாம். பதிந்துகொண்டார்.